தார்சா சுவரில் ஒரு சோடா டேப்

பெங்களூரில் பீர் லைன் போடும் தொழிலில் இருந்தவன் நான். 2010-க்குப் பிறகு அங்கே மைக்ரோ ப்ரூவரிகள், அதாவது தாங்களே பீர் காய்ச்சி ஊற்றும் சின்ன ஆலைகள், அடுத்தடுத்துத் திறந்தபோது, குளிர் அறையிலிருந்து பார் மேடை வரை குழாய் இழுத்து, சுவரைத் துளைத்து, ஊற்றும் திறப்பான டேப்பைப் பொருத்தி, நுரை சரியாக நிற்கும்வரை அழுத்தத்தை ஒழுங்குசெய்து கொடுப்பது என் வேலை. ஊருக்குத் திரும்பி அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியதும், அந்த வேலையை நம் வீட்டுச் சுவரிலும் செய்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. இப்போது தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், உட்கார்ந்திருப்பவர் எழுந்து இரண்டு எட்டு வைத்து, டம்ளரை நீட்டிக் கைப்பிடியை இழுத்தால், பல் கூசும் குளிரில் சுவரிலிருந்து சோடா வருகிறது. பீர் அல்ல, சோடா.

பீர் ஏன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அந்த ஆசையோடுதான் என்னிடம் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். அங்கே பாட்டிலும் டின்னும் கிடைக்கும், கெக் எனும் பெரிய உலோகக் கலன் கிடைக்காது. ஒருவர் கைவசம் வைத்திருக்கும் அளவுக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வீட்டில் பீர் டேப் வைக்கும் திட்டம் நம் ஊரில் நடக்காது. ஆனால் அந்தக் கருவிகள் எல்லாமே சோடாவுக்கு அப்படியே பொருந்தும். சொல்லப்போனால் சோடா பிறந்ததே பீர்த் தொட்டியின் மேல்தான். 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, ஒரு மதுவடிப்பு ஆலையில் நொதித்துக்கொண்டிருந்த தொட்டிக்கு மேலே தண்ணீரை வைத்து, அதில் கரியமில வாயுவைக் கரையவைத்தார். பிறகு 1872-இல் ஹைரம் காட் என்பவர் கோலி அடைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். விருதுநகரில் 1916-இல் காளிமார்க் சோடாக் கம்பெனி தொடங்கியது. நம் பக்கத்தில் விருந்தாளி வந்தால் "கலர் வாங்கிட்டு வால" என்று பையனைக் கடைக்கு விரட்டும் பழக்கம் இந்த வரிசையில் வந்ததுதான். அந்தக் கலரை வீட்டுச் சுவரிலிருந்தே ஊற்றிக் கொடுப்பதில் எனக்கு நிஜமான பெருமை இருக்கிறது.

இந்த வேலை முழுவதற்கும் ஒரே சட்டம்தான்: கெக்கிலிருந்து டம்ளர் வரை குளிர் எங்கேயும் அறுபடக் கூடாது. காரணம் எளிது. ஒரு லிட்டர் தண்ணீர், சாதாரண காற்றழுத்தத்தில், 0 டிகிரியில் 3.3 கிராம் அளவுக்குக் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும். 25 டிகிரியில் ஒன்றரை கிராம்கூடத் தாங்காது. 40 டிகிரியில் ஒரு கிராம்தான். கெக்குக்குள் எவ்வளவு வாயு ஏற்றினாலும், வரும் வழியில் ஒரு சாண் தூரம் சூடாக இருந்தால் அங்கேயே வாயு பிரிந்து போய்விடும். பீரில் இது நடந்தால் கண்ணுக்குத் தெரியும். டம்ளர் முழுக்க நுரையாக வரும், குடிக்க வந்தவர் கத்துவார். சோடாவில் நுரை நிற்காது என்பதால் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்குத்தான் தெரியும்: தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஆனால் தொண்டையில் அந்தச் சுருக்கென்ற கடி இருக்காது. நிறைய பேர் வாயு போதவில்லை என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் இன்னும் வேகமாகச் சீறி, இன்னும் அதிக வாயு பிரியும்.

பெங்களூரின் தட்பவெப்பத்தில் இந்தச் சிக்கலைச் சமாளிப்பது சுலபம். நீளமான லைனாக இருந்தால் கிளைகால் எனும் உறைதடுப்பான் கலந்த குளிர்நீரைப் பக்கத்துக் குழாயில் ஓடவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சுற்றி ஸ்பாஞ்ச் போட்டு இழுப்போம். நம் ஊர் வெயிலில், வீட்டுச் செலவில், அது கட்டுப்படியாகாது. அதனால் லைனைக் குட்டையாக வைப்பதும் சரியான சுவரைத் தேர்ந்தெடுப்பதும்தான் வழி. எந்த டேப், எந்த கெக் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தச் சுவர்?" என்பதே.

மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் மத்தியானம் வாங்கிய வெயிலை அது ராத்திரி பத்து மணி வரைக்கும் வீட்டுக்குள் கக்கிக்கொண்டிருக்கும். வெளிச்சுவர் எதுவுமே அவ்வளவு உசிதமல்ல. இரண்டு பக்கமும் நிழலாக இருக்கும் உள்சுவர்தான் நல்லது. எங்கள் வீட்டில் தார்சாவை ஒட்டி ஒரு சாமான் அறை இருக்கிறது. முன்பு நெல்மூட்டை கிடந்த அறை, சந்துப் பக்கம் ஒரு ஜன்னல். தார்சாவுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர். கடையில் கிடைக்கும் ஷாங்க், அதாவது சுவரைத் தாண்டி டேப்பைத் தாங்கும் அந்தத் தண்டு, சில அங்குல நீளந்தான். ஒன்றரை அடிக்கு அது எட்டவே எட்டாது. வழியைச் சுவரே காட்டியது. பழைய வீடுகளில் இருப்பதுபோல அந்தச் சுவரில் ஒரு மாடக்குழி, சாவிக்கொத்தும் தைலக் குப்பியும் கிடக்கும் குழி. விளக்கேற்றும் மாடம் வாசல்நிலைப் பக்கம் தனியாக இருக்கிறது, அதைத் தொடவில்லை. இந்த மாடக்குழி பாதிச் சுவரை ஏற்கெனவே தின்றிருந்தது. மிச்சம் துளைக்க வேண்டியது முக்கால் அடிதான்.

கொத்தனாருக்கு விஷயம் முழுதாகப் புரிய ஒரு பொழுது ஆனது. "என்ன அண்ணாச்சி, சுவத்துக்குள்ள குழாய வச்சு கலரா ஊத்தப் போறிய?" என்று கேட்டார். பிறகு அவரே மாடக்குழியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் நிலைக்கல்லு வருது, ஒரு முழம் தள்ளியே போடுவோம்" என்றார். பழைய சுவரைத் தொடும் முன் இப்படித் தட்டிப் பார்க்கும் ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும். உத்திரம் இறங்கும் இடம், நிலைக்கு மேலுள்ள இடம், கரண்டு பைப் போகும் இடம் இவற்றைத் தொடக் கூடாது. முதலில் நீளமான மெல்லிய பிட்டால் நடுவில் ஒரு துளை போட்டு, அதை அடையாளமாக வைத்து இரண்டு பக்கமிருந்தும் கோர் கட்டரால் குடைய வேண்டும். ஒரே பக்கமாகக் குடைந்தால் மறுபக்கம் காரை பெயர்ந்து விழும். துளை டேப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கட்டும். வேர்க்கும் தண்ணீர் சொட்டுத்தட்டுக்கு வந்துவிடும், சுவருக்குள் ஊறாது.

நாங்கள் போட்டது இரண்டு துளை. மூன்று அங்குலத் துளையில் ஒரு பி.வி.சி. பைப், அதற்குள் சோடா லைன் வருகிறது, கூடவே குளிர்காற்றும் வருகிறது. கீழே இரண்டு அங்குலத் துளையில் இன்னொரு பைப். அதன் வழியாகக் காற்று திரும்பிப் போகிறது. மாடக்குழியின் உள்பக்கம் முழுக்க கெட்டித் தெர்மாகோல் ஒட்டி, முன்னால் ஸ்டீல் தகடு அடைத்து, அந்தத் தகட்டில் டேப்பைப் பொருத்தியிருக்கிறோம். ஆக ஷாங்க்கின் வால் எப்போதும் குளிர்காற்றிலேயே இருக்கிறது. சாமான் அறையில் கெக்கை வைத்திருக்கும் ஃப்ரீசரின் அடியில் கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் விசிறி ஒன்று, அடியில் தங்கும் குளிர்காற்றை எடுத்து மேலே தள்ளுகிறது. திரும்பி வரும் பைப்பை விட்டுவிட்டு ஒரு பைப் மட்டும் போடுகிறவர்கள் உண்டு. காற்று போன இடத்திலேயே முட்டி நின்றுவிடும், குளிர் போகாது. இரண்டு பைப்பும் அவசியம். பைப்பைச் சுற்றி ஏசிக்காரர்கள் போடும் கறுப்பு ஸ்பாஞ்ச், அதற்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியில் பி.யூ. ஃபோம். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் காற்று இந்தப் பக்கமெல்லாம் ஈரத்தோடு வீசும்போது, இடைவெளி ஏதாவது இருந்தால் சுவர் வேர்த்துச் சுண்ணாம்பு உதிரும்.

குளிர்ப்பெட்டிக்கு, ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே, மேல்மூடி ஃப்ரீசர், அதைத்தான் எடுத்தேன். சாதாரண ஃப்ரிட்ஜின் பக்கத் தகடுகளுக்குள் கேஸ் ஓடும் குழாய்கள் இருக்கும்; தெரியாமல் துளைத்தால் பெட்டியே போச்சு. மேல்மூடி ஃப்ரீசரில் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆறங்குல உயரத்தில் ஒரு மரச்சட்டம் செய்து வைத்துவிட்டால், எல்லாத் துளைகளையும் மரத்தில் போட்டுக்கொள்ளலாம். ஃப்ரீசரைத் தனி டெம்பரேச்சர் கண்ட்ரோலர் வழியாக ஓட்ட வேண்டும், 3 டிகிரியில். அதற்குக் கீழே இறக்கக் கூடாது. கெக்குக்குள் ஐஸ் பிடித்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். கண்ட்ரோலரின் உணர்முனையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு வைக்கவும். காற்றில் தொங்கவிட்டால் மூடி திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் எழும்பி எழும்பி நிற்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் கட்டாயம்.

இனி கேஸ். இதில் கொஞ்சம் நிதானமாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் உயிர்ப்பயம் உள்ள ஒரே இடம் இது.

எங்கள் அப்பா, ஃப்ரீசரையும் சிலிண்டரையும் நடுவீட்டு அரங்கில் வைத்துவிடலாம் என்றார். ஜன்னலில்லாத, குளுமையான, இருட்டு அறை. நியாயமான யோசனைதான். நான் வேண்டவே வேண்டாம் என்று நின்றேன். கணக்கு இதுதான்: 5 கிலோ கரியமில வாயு வெளியே வந்தால் 2,700 லிட்டருக்கு மேல் இடத்தை நிரப்பும். பத்தடிக்கு எட்டடி, பத்தடி உயர அறை என்றால் அதன் கொள்ளளவு சுமார் 22,600 லிட்டர். ஒரு ராத்திரியில் சிலிண்டர் முழுதும் கசிந்தால் அந்த அறைக் காற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் கரியமில வாயுவாகிவிடும். அந்த அளவில் மனுசன் சில நிமிடங்களில் நினைவிழப்பான். மூச்சுமுட்டல் என்பது ஆக்சிஜன் குறைவதால் மட்டும் அல்ல, இந்த அளவில் அந்த வாயுவே நஞ்சு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையில் படியும், மணமும் கிடையாது. காலையில் உப்பு எடுக்க உள்ளே குனிந்த ஆச்சிக்கு என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டேன். பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் சிலிண்டர் வீட்டுக்கு வெளியே. சந்துப் பக்கம், வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில், கம்பிச் சங்கிலியால் கட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறோம். வாயு மட்டும் மெல்லிய குழாயில் சுவர் வழியாக உள்ளே வருகிறது. வெளியே வைத்தால் வேறொரு கவலை: வெயில். கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக இருக்காது. நம் கோடையில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். அதற்குமேல் சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் வேகமாகக் கூடும். நேர் வெயில் விழும் இடத்தில் சிலிண்டரை நிறுத்தவே கூடாது, சிலிண்டர் கொள்ளும் எடைக்கு மேல் அடைத்துத் தரச் சொல்லவும் கூடாது. தோள்பட்டையில் கடைசியாகச் சோதித்த தேதி அடித்திருக்கும். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். உணவுத் தரக் கேஸ் என்று கேட்டு வாங்குங்கள். தீயணைப்பான் சிலிண்டரைப் பழைய இரும்புக் கடையில் பிடித்துவந்து பயன்படுத்த நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குள் அடிவரை குழாய் இறங்கியிருக்கும், வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே பாயும், ரெகுலேட்டர் கெட்டுப்போகும். அந்த எண்ணமே வேண்டாம்.

மீட்டரைப் பார்த்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும். எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். காலி எடை சிலிண்டரிலேயே அடித்திருக்கும். 19 லிட்டர் கெக் ஒன்றுக்கு, கரைவதும் தள்ளுவதுமாக, ஏறத்தாழ கால் கிலோ போகும். இதைவிட வேகமாகக் குறைந்தால் எங்கோ கசிவு. எல்லா மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது ஒவ்வொரு முறை கெக் மாற்றும்போதும் எங்கள் வீட்டுப் பழக்கம்; இப்போது என் மருமகப்பிள்ளையே செய்துவிடுகிறார்.

அழுத்தத்துக்கு வருவோம். பீருக்கு 3 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. போதும்; அதன் அளவைப்போல இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கும். சோடாவுக்கு 30 பி.எஸ்.ஐ. வேண்டும், நாலு மடங்கு கரையும். தண்ணீரை முதலில் நன்றாகக் குளிரவிட்டு, பிறகு கேஸ் திறந்து, கெக்கின் மேல்வால்வை நாலைந்து தடவை இழுத்து உள்ளே இருக்கும் வெறும் காற்றை வெளியேற்ற வேண்டும். இதைத் தவறவிட்டால் ஒரு வாரம் வைத்தாலும் சோடாவில் கடி முழுதாக ஏறாது. அவசரமென்றால் கெக்கைப் படுக்கவைத்து உருட்டி ஆட்டலாம். பொறுமையிருந்தால் ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுவதே மேல்.

30 பி.எஸ்.ஐ.-யை நேராக டேப்புக்குக் கொண்டுவந்தால் டம்ளர் கையிலிருந்து பறந்துவிடும். குழாயின் நீளம்தான் அந்த வேகத்தைத் தின்ன வேண்டும். 3/16 அங்குல உள்விட்டமுள்ள குழாய் கணக்குப்படி அடிக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. தின்னும், டேப் கெக்கைவிட உயரத்தில் இருந்தால் அடிக்கு அரை பி.எஸ்.ஐ. கூடுதலாகக் கழியும். ஆனால் கணக்கில் வரும் நீளத்தைவிட இரண்டு மடங்கு வைத்தால்தான் நிதானமாக ஊற்றும். சோடாவுக்கு 25 அடியில் தொடங்குங்கள். சுவருக்கு வேண்டியது இரண்டு மூன்று அடிதான். மிச்சத்தைச் சுருளாகச் சுற்றி ஃப்ரீசருக்குள்ளேயே வையுங்கள், வெளியே தொங்கவிடாதீர்கள். ஊற்றிப் பார்த்து, மெதுவாக வந்தால் ஓரடி ஓரடியாக வெட்டிக் குறைக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

டேப்பும் ஷாங்க்கும் முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். பித்தளைக்கு மேல் குரோம் பூசியது விலை குறைவாகக் கிடைக்கும், பார்க்க ஒரேபோல இருக்கும். சோடா ஒரு மெல்லிய அமிலம். பூச்சு தேய்ந்ததும் பித்தளையிலிருக்கும் செம்பைக் கரைத்துக்கொண்டு வரும். குடித்தவருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். டேப்பின் உள்வாயை லேசாகச் சுரண்டிப் பாருங்கள், மஞ்சள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லைனில் எங்கேயும் செம்புக் குழாய் வரக் கூடாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் டேப்புக்குப் பூட்டும் வாங்கிக்கொள்வது நல்லது.

தண்ணீருக்கு நாங்கள் கஷ்டப்படவில்லை. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. குளோரின் வாடை போகக் கார்பன் ஃபில்டர் மட்டும். உப்புத் தண்ணீர் போர் உள்ளவர்கள் ஆர்.ஓ. தண்ணீர் எடுக்கலாம், ஆனால் அது சோடாவில் சப்பென்று இருக்கும். கெக்குக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் கடைச் சோடாவின் அந்த உருண்ட ருசி வந்துவிடும்.

சுவர் வழியாக வெறும் சோடா மட்டும் வரட்டும் என்பது என் திடமான முடிவு. பன்னீர் சோடாவையே கெக்கில் போட்டால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். பன்னீர் வாசம் குழாயிலும் ரப்பர் வாஷரிலும் ஏறினால் பிறகு எதைக் கொண்டு கழுவினாலும் போகாது. சர்க்கரை இருந்தால் பூஞ்சை வரும், சொட்டுத்தட்டுக்கு எறும்பு வரும், பீர் லைனைப்போல இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து விட்டு, டேப்பைக் கழற்றிக் கழுவ வேண்டிவரும். வெறும் சோடாவுக்கு கெக் மாற்றும்போது சுடுதண்ணீர் விட்டு டேப்பைக் கழற்றித் துடைத்தாலே போதுமானது. இனிப்பும் மணமும் டம்ளரில் சேரட்டும். டேப் பக்கத்து அலமாரியில் நன்னாரி சர்பத்து, பன்னீர், உடன்குடிக் கருப்பட்டியில் சுக்கும் ஏலமும் தட்டிக் காய்ச்சிய பாகு, ஒரு கிண்ணத்தில் புளியங்குடி எலுமிச்சை. கருப்பட்டிப் பாகு அடியில் இரண்டு விரற்கடை, அரை மூடி எலுமிச்சை, மேலே சோடா. எங்கள் மதினி கொஞ்சம் உப்பும் போடச் சொல்வாள், அவள் சொல்வது சரி.

பதநீரைக் கெக்கில் போடும் யோசனையைக் கண்டிப்பாகத் தள்ளிவையுங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினாலும், சில மணி நேரத்தில் அது நொதிக்கத் தொடங்கும். குளிர் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மூடிய கெக்கில் நொதித்தால் அழுத்தம் தானாக ஏறும். உள்ளே ஆவது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பதநீரை மரத்தடியில் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடிப்பதே அதற்கு மரியாதை.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் இறங்கிப் போவார்கள். ஒரு கெக் 19 லிட்டர், 200 மில்லி டம்ளரில் தொண்ணூறு பேருக்குச் சொச்சம். கணக்கில் தாராளம்போலத் தெரியும், ஆனால் காலி கெக்கை நிரப்பினால் அது குளிர்ந்து வாயு ஏறி வர நாளாகும். ஆகவே கெக் இரண்டு வேண்டும்: ஒன்று ஊற்றிக்கொண்டிருக்க, மற்றது தயாராகிக்கொண்டிருக்க. மரச்சட்டத்திலும் மாடக்குழித் தகட்டிலும் இரண்டாவது டேப்புக்கான துளையை முதலிலேயே போட்டு ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். தகட்டைக் கழற்றித் தெர்மாகோலைப் பெயர்த்துப் பிறகு செய்வதைவிட, கொத்தனார் வீட்டில் இருக்கும்போதே செய்துவிடுவது செலவும் குறைவு, தூசியும் ஒரே தடவையோடு போகும்.